ரத்த மிஸ்ஸின் ஒரு மணித்தியாலம்

அந்த நாட்களில் ராகலையில் காலை பத்து மணியிலிருந்து பதினொரு மணி வரை யாருக்கும் மிளகாய் அரைத்துக் கிடைக்காது. மில் இருந்தது, கரண்ட் இருந்தது, மிளகாய்ப் பையோடு ஆட்களும் வரிசையில் நின்றார்கள். ஆனால் மில் ஓடாது. மில்லுக்கும் பக்கத்து லேப் அறைக்கும் நடுவில் ஒரே சுவர். அந்த அறையில், மேசை மேலிருந்த தாங்கியில், ஐந்தாறு கண்ணாடிக் குழாய்களுக்குள் ஊராருடைய ரத்தம் நின்றுகொண்டிருக்கும். பக்கத்தில் ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு ஒரு பெண் உட்கார்ந்திருப்பார். அவரைத்தான் நாங்கள் ரத்த மிஸ் என்போம்.

அவருக்கென்று ஒரு பேர் இருந்தது. ரிப்போர்ட்டின் அடியில் கோழி கிறுக்கியதுபோலக் கையெழுத்தாகக் கிடக்கும். யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை, நானும் இங்கே சொல்லப் போவதில்லை. தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களில் பிள்ளைகளைப் பயங்காட்ட வேண்டுமென்றால், "அடங்கிக் கிட, ரத்த மிஸ்ஸைக் கூப்புடுவேன்" என்பார்கள். அந்தப் பேச்சு அவர் காதிலும் விழும். சிரிக்கவும் மாட்டார், கோபிக்கவும் மாட்டார்.

நான் த்ரீவீல் ஓட்டுகிறவன். பொறுமைக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம். "சோறு வேகுறதுக்கு முன்ன தட்டைத் தூக்கிட்டு வந்து உக்காருற ஆளு" என்று என் மனைவி புவனா சொல்வாள். பஸ் ஒன்று ஓரங்கட்டினால் ஹார்ன் அடிப்பேன், ரயில் கேட் மூடியிருந்தாலும் ஹார்ன் அடிப்பேன். அப்படிப்பட்டவனைக் காத்திருக்க வைத்த ஒரே மனுஷி ரத்த மிஸ்தான்.

அவரோடு எனக்கு முதல் பழக்கமே சண்டையில்தான் தொடங்கியது. மழை நாள். லேப் ஜன்னலுக்குக் கீழே இஞ்சினை ஓடவிட்டபடி ஹயர் சவாரிக்காக நின்றிருந்தேன். ஜன்னல் திறந்தது.

"தம்பி, இஞ்சினை நிப்பாட்டுங்க."

"ஏன் மிஸ், புகை வருதா?"

"புகை இல்ல. ரத்தம் ஆடுது."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை. "உள்ள வாங்க" என்றார். போனேன். குழாய்கள் நேர்குத்தாக நின்றன. ஒவ்வொன்றிலும் மேலே வெளிர்மஞ்சளாகத் தெளிந்த நீர், கீழே சிவப்பு. இரண்டுக்கும் நடுவில் ஒரு கோடு. உற்றுப் பார்த்தால் கோடு நிற்கிறது போலத் தெரியும், திரும்பி வந்து பார்த்தால் கொஞ்சம் இறங்கியிருக்கும்.

"ஒரு மணித்தியாலத்துல இது எவ்வளவு இறங்குதுன்னு பாக்கணும். உடம்புல எங்கயாச்சும் புண்ணு, வீக்கம் இருந்தா ஈரல் ஒரு பசையைக் கூட்டி அனுப்பும். காயம் பட்டா ரத்தத்தை உறைய வைக்கிற அதே பசைதான். அது கூடிப் போச்சுன்னா சிவப்பணு எல்லாம் தட்டு அடுக்குன மாதிரி ஒண்ணு மேல ஒண்ணு ஒட்டிக்கிட்டு சீக்கிரம் கீழ போயிரும்."

"அப்ப சீக்கிரம் இறங்குனா நோயா?"

"புகைன்னு வச்சுக்கங்க. எந்த வீட்டு அடுப்புன்னு டாக்டர்தான் தேடணும். ஆனா உங்க இஞ்சின் ஆடுனாலும் இது சீக்கிரம் இறங்கும். அப்புறம் இல்லாத நோயை நான் எழுதிக் குடுப்பேன்."

நான் விடுவேனா. "அரை மணித்தியாலத்துல பாத்து ரெண்டால பெருக்குனா ஆவாதா? வேற எடத்துல அப்புடித்தான் செய்றாங்களாம்."

"உங்க த்ரீவீல் இங்கருந்து நுவரெலியாவுக்கு ஒரே வேகத்துலயா போகுது? ஏத்தத்துல ஒரு மாதிரி, எறக்கத்துல ஒரு மாதிரிதானே. இதுவும் அப்புடித்தான். பாக்காததை நான் எழுத மாட்டேன்."

பாக்காததை எழுத மாட்டேன். இந்தப் பேச்சை அவர் வாயிலிருந்து எத்தனை தரம் கேட்டிருப்பேன் என்று சொல்ல முடியாது. அன்றைக்கு இஞ்சினை நிறுத்திவிட்டு முணுமுணுத்துக்கொண்டே போனேன். பிறகு நானே அவருடைய காலை ஹயர்காரன் ஆனேன். நடக்க முடியாதவர்களுடைய வீடுகளுக்கு விடியற்காலையில் கூட்டிப்போவேன், ரத்தம் எடுப்பார், ஒன்பதரைக்குள் திரும்பிவிடுவோம்.

மில்லை அவர் நிறுத்திய கதை ராகலை முழுக்கப் பிரசித்தம். மில், லேப், இரண்டும் இருந்த கட்டடம், எல்லாமே ஒரே ஆளுக்குச் சொந்தம். அவரை எல்லாரும் நானா என்போம். மிஸ்ஸுக்கு வேலை கொடுத்த முதலாளியும் அவர்தான். மில் ஓடினால் சுவர் அதிரும், சுவர் அதிர்ந்தால் மேசை அதிரும். மிஸ் போய்ச் சொன்னதற்கு நானா, "என்ட மில்ல நிப்பாட்டித்தான் உங்கட ரத்தம் எறங்கணுமா? நல்ல கூத்து" என்று அனுப்பிவிட்டார்.

அடுத்த நாள் மிஸ் நானாவிடமே ரத்தம் எடுத்தார். ஒரு குழாயை மில் சுவர்ப் பக்கம் வைத்தார். இன்னொன்றைத் தெருவுக்கு அந்தப் பக்கமிருந்த நானாவுடைய வீட்டு அலுமாரி மேல் வைத்து, தானே பக்கத்தில் காவல் நின்றார். சுவர்ப் பக்கத்துக் குழாயைப் பார்க்கச் சொல்லி என்னை உட்கார வைத்திருந்தார். என் வாழ்க்கையில் நான் ஒரு மணித்தியாலம் சும்மா உட்கார்ந்தது அன்றைக்குத்தான். முடிந்ததும் இரண்டு எண்களையும் ஒரு துண்டுக் கடதாசியில் எழுதி நானாவிடம் நீட்டினார்.

"ரெண்டும் உங்க ரத்தம்தான் நானா. மில் ஓடுறப்ப நீங்க நோயாளி. மில் நின்னா நல்ல ஆளு. எது வேணும்?"

நானா கடதாசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அடுத்த நாள் பத்து மணிக்கு மில் நின்றது.

இதில் வேடிக்கை என்னவென்றால், இரண்டு வருஷம் கழித்து, மில் நின்றிருந்த நேரத்திலேயே நானாவுடைய எண் கூடுதலாக வந்தது. மாதம் ஒரு தரம் என்று மூன்று தரம் பார்த்தார், மூன்று தரமும் அப்படியே. நானாவுக்கு வெற்றிலை ஓயாது, பல்லைச் சுற்றி முரசெல்லாம் வீங்கி ரத்தம் கசியும். படியேறினால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார். கேட்டால் வாய்வு என்பார்.

"கொலஸ்ட்ரோல் சரியா ஈக்கிதானே மிஸ், பொறகென்ன?"

"கொழுப்பு மட்டுமா குழாயை அடைக்குது? உடம்புல எந்த நேரமும் ஒரு மூலையில புண்ணு புகைஞ்சுக்கிட்டே இருந்தா ரத்தக் குழாயோட உள்சுவரும் கன்னிப் போகும். கன்னிப் போன எடத்துலதான் கொழுப்பு போய் ஒட்டும். ஒரு நாளைக்கு அந்த எடம் வெடிச்சா, ரத்தம் அதைக் காயம்னு நெனச்சு ஓடி வந்து உறையும். காயத்தை அடைக்கிறேன்னு வழியவே அடைச்சிரும். அதுக்கு நல்ல மனசுதான் நானா, ஆனா நீங்க இருக்க மாட்டீங்க."

இப்படி மூஞ்சிக்கு நேரே சொல்கிற ஆள். நானாவுக்கு ஆத்திரம் வந்தது. ஆனாலும் நுவரெலியாவுக்குப் போய் டாக்டரைக் கண்டார். இருதயத்துக்குப் போகிற குழாயில் ஒன்று சுருங்கியிருந்தது. மருந்து தொடங்கினார்கள், கெட்ட பற்களைப் பிடுங்கினார்கள், வெற்றிலையையும் விட்டார். இன்றைக்கும் மனுஷன் கல்லு மாதிரி இருக்கிறார். "உசிரு தந்தவன் அல்லாஹ். டாக்டர்ட்டப் புடிச்சித் தள்ளினது மிஸ்" என்பார்.

ஒரு கங்காணியும் இருந்தார், கொழுந்து பறிக்கிற பெண்களை மேற்பார்க்கிற வேலை. இருதய வால்வு பழுதாகி, ரத்தம் உறையாமல் இருக்கக் குளிசை மாத்திரை குடிப்பவர். சீனி வியாதி பார்க்க வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மிஸ்ஸுடைய கண் அவருடைய காலுறையில் போய் நின்றது.

"அது என்னாங்க ஈரம்?"

"அட்டை கடிச்சது மிஸ். மலையில வேலை செய்றவனுக்கு அட்டை கடிக்கிறது ஒரு சங்கதியா?"

"எப்ப கடிச்சது?"

"நேத்துப் பின்னேரம். சுண்ணாம்பு வச்சேன், கடதாசி ஒட்டுனேன், நிக்கல."

அட்டைக்கடியில் ரத்தம் கொஞ்ச நேரம் கசியும் என்பது மலையில் பிறந்த எல்லாருக்கும் தெரியும். அதனாலேயே அதை ஒருவரும் பார்ப்பதில்லை. மிஸ் சீனியை விட்டுவிட்டுக் குளிசையைப் பற்றிக் கேட்டார். கிளினிக்குக்குப் போகாமல் விட்ட ஒரு வாரத்துக்கும் சேர்த்து மனுஷன் இரண்டிரண்டாகக் குடித்திருக்கிறார். "விட்டதைப் பிடிக்க வேணாமா?" என்று எங்களையே திருப்பிக் கேட்டார். அந்த நிமிஷமே என் வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். ரத்தம் தண்ணீராக இருந்ததாம், தலைக்குள் கசிந்திருந்தால் கதை முடிந்திருக்கும் என்றார்களாம். "ரத்தத்துக்கு ஓடவும் தெரியணும், நிக்கவும் தெரியணும். ரெண்டுல ஒண்ணு மறந்தாலும் ஆபத்துதான்" என்று மிஸ் என்னிடம் சொன்னார்.

எல்லாருக்கும் அவரைப் பிடித்திருந்தது என்று சொன்னால் பொய். கொழுந்துப் பெண்கள் அரைப்பேரை, அதாவது அரை நாள் சம்பளத்தை, விட்டுவிட்டு வருவார்கள். சும்மா எழுதிக் கொடுத்தால் பத்தரை மணிப் பஸ்ஸைப் பிடிக்கலாம். மிஸ் அசைய மாட்டார். ஃபிளாஸ்கிலிருந்து தேயிலைச் சாயத் தண்ணீரை ஊற்றிக் கொடுத்து, "இருங்க" என்பார். அந்த ஒற்றைச் சொல்லைக் கேட்டாலே எனக்கு உடம்பெல்லாம் எரியும். கையில் நரம்பு தெரியாவிட்டால் மற்றவர்கள் தட்டுவார்கள், தேய்ப்பார்கள். இவர் தேய்க்கவே மாட்டார். வெந்நீர்த் துணியைச் சுற்றிவிட்டு, "கையைத் தொங்கப் போடுங்க, வரும்" என்று காத்திருப்பார். அதையும் அவருடைய பிடிவாதக் கணக்கிலேயே நான் சேர்த்துவிட்டேன்.

புவனாவுக்கு முதல் பிள்ளை பிறந்தது. வயிற்றை வெட்டித்தான் எடுத்தார்கள். பிள்ளையோடு அவள் தாய் வீட்டுக்குப் போனாள், உடப்புசல்லாவைப் பக்கத்துத் தோட்டம், மேட்டு லயத்தில் கடைசிக் காம்பரா வீடு. என் மாமியார் அவளைக் கட்டிலைவிட்டு இறங்க விடவில்லை. பச்சை உடம்பு, காற்றுப் படக் கூடாது, நடக்கக் கூடாது. மகளை ராணி மாதிரி வைத்திருக்கிறார்கள் என்று எனக்கும் சந்தோஷம்தான்.

பதினெட்டாம் நாள் காலை அத்தை போன் பண்ணினார். புவனாவுடைய இடது கால் வீங்கிக் கிடக்கிறது, கட்டிலில் படுத்த வாகுக்கு நரம்பு பிசகியிருக்கும், மருதாயி அக்கா பதினொரு மணிக்கு வந்து நீவி விடுவாள் என்றார். மருதாயி அக்காவும் கொழுந்து பறிக்கிறவர்தான். ஆனால் சுளுக்கு, பிசகு எல்லாவற்றுக்கும் அந்தத் தோட்டத்தில் அவருடைய கைதான். மலையில் சறுக்கி விழுந்த எத்தனையோ பேரை எழுப்பி நடக்கவிட்ட கை. எனக்கு ஒரு கவலையும் இல்லை. பின்னேரம் போய்ப் பார்க்கலாம், அதனால் மறுநாள் காலை ஹயருக்கு வர முடியாது என்று சொல்லத்தான் லேப் ஜன்னலுக்குப் போனேன். மணி பத்து இருபது இருக்கும். மில் நின்றிருந்தது. தாங்கியில் ஐந்து குழாய்கள். பெஞ்சில் ஐந்து பெண்கள்.

சொன்னேன். மிஸ் குழாயிலிருந்து கண்ணை எடுத்தார்.

"ஒரு காலா, ரெண்டு காலா?"

"இடது கால் மட்டும்."

"தொட்டா சுடுதாமா?"

"அத்தை அப்புடித்தான் சொன்னாங்க. கெண்டைக்கால் கல்லு மாதிரி இருக்காம்."

"எந்திரிச்சு நடக்கிறாளா?"

"எங்க மிஸ், கட்டிலை விட்டு எறங்கவே விடுறதில்ல."

"போன் போடுங்க. தொட வேணாம்னு சொல்லுங்க."

அந்த லயத்தில் சமையல்கட்டு ஜன்னலில் மட்டும்தான் சிக்னல். போனை ஒரு பொலித்தீன் பையில் போட்டு ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டிருப்பார்கள். அந்த ஊரில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். முன் காம்பராவில் இருப்பவர்களுக்கு, அதுவும் தகரத்தில் மழை பெய்தால், அது அடிப்பது கேட்காது. மூன்று தரம் போன் போட்டேன். மூன்று தரமும் அடித்து அடித்து ஓய்ந்தது.

மிஸ் மணிக்கூட்டைப் பார்த்தார். குழாய்களைப் பார்த்தார். கோடுகள் பாதிவழியில் நின்றன. பிறகு எழுந்தார். பெஞ்சிலிருந்த பெண்களிடம், "இன்னிக்கு ரிப்போர்ட் வராது, நாளைக்கு வாங்க" என்றார். அவர்கள் வாயைத் திறக்கும் முன்பே என் வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டார். நான் இன்னும் ஜன்னலடியிலேயே நின்றிருந்தேன்.

"தம்பி, வேகமா போங்க."

அந்த வாயிலிருந்து அந்தச் சொல்லைக் கேட்டதும்தான் நான் ஓடிப் போய் இஞ்சினை இழுத்தேன்.

வழியில் சொன்னார். "பிள்ளை பெத்த உடம்பு, ரத்தம் போயிரக் கூடாதுன்னு உறைய வைக்கிற பசையைத் தானாவே கூட்டி வச்சிருக்கும். வயித்துல வெட்டுக் காயம் வேற. அதுக்கு மேல பதினெட்டு நாள் ஆடாம அசையாம படுத்திருக்கா. காலுக்குள்ள ரத்தம் கட்டியிருக்கலாம். நான் டாக்டர் இல்ல, பாக்காம சொல்லக் கூடாது. ஆனா கட்டியா இருந்தா, நீவுனா ஒடையும். ஒடைஞ்சா நெஞ்சுக்குப் போயிரும்."

ரோட்டோரத் தண்ணீர்க் கானில் சக்கரம் இறங்கி ஏறியது. மிஸ் திரும்பத் திரும்ப, "பதினோரு மணின்னா சொன்னாங்க? சரியா பதினோரு மணியா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

"நம்ம ஆளுங்க எப்ப மிஸ் சொன்ன நேரத்துக்கு வந்திருக்காங்க?"

"இதுக்கெல்லாம் முன்னாடியே வந்துருவாங்க" என்றார்.

வண்டி கோயிலடி வரைதான் போகும். அதற்கு மேல் மேட்டு லயத்துக்குப் படிக்கட்டு. நடந்தால் கூட நிதானமாக நடக்கிற மனுஷி, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மழையில் ஓடினார். எனக்கு மூச்சு வாங்கியது. அவருக்குப் பின்னால்தான் நான் போய்ச் சேர்ந்தேன்.

அவர் சொன்னது சரி. மருதாயி அக்கா முன்னாடியே வந்துவிட்டார். கிண்ணத்தில் சுட வைத்த நல்லெண்ணெய். புவனாவுடைய கால் அவர் மடியில் இருந்தது, தொடை வரை எண்ணெய் மினுங்கியது. கால் நீலம் பாரித்து, மற்றக் காலின் இரண்டு மடங்கு இருந்தது. மருதாயி அக்காவுடைய கை அப்போதுதான் கணுக்காலில் மெதுவாகத் தடவத் தொடங்கியிருந்தது.

"தொடாதீங்க" என்றார் மிஸ்.

புவனா தலையைத் தூக்கி, "விடுங்க மிஸ். அக்கா கை பட்டாத்தான் சுகமா இருக்கு" என்றாள்.

மிஸ்ஸுடைய முகம் செத்துப் போனது. அதற்கு வேறு சொல் எனக்குத் தெரியவில்லை. அப்படியே மண் தரையில் உட்கார்ந்து மருதாயி அக்காவுடைய இரண்டு கைகளையும், எண்ணெயோடு, தன் கைகளுக்குள் பிடித்துக்கொண்டார். விடவில்லை.

என் மாமியாருக்குத் தாங்குமா. "யாரு நீ? ஊசி குத்துற பொம்பளைக்கு பிள்ளை பெத்த வீட்டுல என்னா வேலை? நாங்க எத்தனை புள்ளைக்குக் கை வச்சிருக்கோம் தெரியுமா? மாப்பிள்ளை, நீங்க பாத்துக்கிட்டு நிக்கிறீங்களா?" நான் மரம் மாதிரி நின்றேன். நியாயம் பேச வேண்டியவன் நான்தான், எனக்கு வாய் வரவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

பேசியது மருதாயி அக்காதான். "சும்மா இருங்க அண்ணி" என்றார். "இந்தப் புள்ள கை நடுங்குது. ஊசி குத்துற கை சும்மா நடுங்காது." பிறகு புவனாவுடைய காலை மெல்லத் தன் மடியிலிருந்து இறக்கித் தலையணையில் வைத்தார். "அடி, காலை ஆட்டாதடி" என்றும் சொன்னார்.

நடக்கவிடக் கூடாது என்றார் மிஸ். அன்றைக்கு வேலைக்குப் போகாத நாலு பேர், கம்பளியின் இரண்டு முனைகளையும் தடியில் கட்டி, அதில் புவனாவைப் படுக்க வைத்துப் படியிறக்கினார்கள். எங்கள் பக்கத்தில் சீக்காளியைத் தூக்குகிற வழி அதுதான். ஒரு கையில் பிள்ளையும் மறு கையில் வெந்நீர்ப் போத்தலுமாக அத்தை, அழுதுகொண்டும் மிஸ்ஸைத் திட்டிக்கொண்டும் பின்னால் வந்தார். வண்டியில் ஏற்றியதும் மிஸ் என்னிடம், "இப்ப மெதுவா போங்க தம்பி" என்றார்.

நுவரெலியா ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். கெண்டைக்காலிலிருந்து தொடை வரை ரத்தம் உறைந்து குழாயை அடைத்திருந்தது. டாக்டர் சிங்களத்தில் கேட்ட முதல் கேள்வி, காலை யாரும் அழுத்தினார்களா என்பதுதான். இல்லை என்றேன். சில நிமிஷங்களில் அந்த 'இல்லை' 'ஆமாம்' ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியும். வெளியே வந்து சுவரில் சாய்ந்து அழுதேன். மிஸ் பக்கத்தில் வந்து நின்றார். "இருங்க" என்று மட்டும் சொன்னார். அந்த ஒரு தரம் அந்தச் சொல் எனக்கு எரியவில்லை.

சாயங்காலம் ஐந்து மணிக்கு அவரை ராகலையில் கொண்டுவந்து விட்டேன். மில் இன்னும் நின்றபடியே இருந்தது. நானா வாசலில் உட்கார்ந்திருந்தார்.

"ஏன் நானா, கரண்ட் இல்லையா?" என்றார் மிஸ்.

"நீங்க வந்து சொல்லாம எப்புடி ஓட்டுற? கொழா எல்லாம் அப்புடியே நிக்கிதே" என்றார். நாள் முழுக்க ஒரு மிளகாய் அரைபடவில்லை. பிறகு குரலைத் தாழ்த்தி, "போகக்குள்ள பாத்தீங்கதானே மிஸ், அதை வச்சி மதிச்சி எழுதுங்க. அஞ்சி பொம்புளயும் ஏசிட்டுப் போறாங்க. யாருக்குத் தெரியப் போகுது?" என்றார்.

மிஸ் ஐந்து குழாய்களையும் எடுத்துக் கொட்டிக் கழுவினார். அடுத்த நாள் ஐந்து பேருக்கும் திரும்ப ஊசி. ஒருத்தி, "எவளோ ஒருத்தி காலுக்கு என் கையில ரெண்டு குத்தா?" என்று பொரிந்தாள். "ஆமாம்மா, என் பிழைதான். மன்னிச்சுக்கங்க. பாக்காததை எழுத முடியாது" என்றார் மிஸ். அன்றைக்கு ஐந்து பேரையும் அவரவர் லயத்தில் கொண்டுபோய் விட்டது நான்தான். அந்தப் பொரிந்தவளிடம் வழியில் முழுக் கதையையும் சொன்னேன். இறங்கும்போது, "இன்னொரு குத்துன்னாலும் குத்தட்டும்னு சொல்லுங்க" என்றாள்.

புவனா ஆறு மாதம் குளிசை குடித்தாள். ரத்தம் கட்டியாகவும் கூடாது, தண்ணீராகவும் கூடாது. அதைப் பார்க்க மாதத்துக்கு இரண்டு தரம் மிஸ்தான் ரத்தம் எடுப்பார். பிறகு அவருக்கு அரசாங்க வேலை கிடைத்து, கொத்மலைப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார். போன அன்றைக்கு நானா மில்லை நாள் முழுக்க ஓடவிட்டார். மிஸ்ஸை ஏற்றிக்கொண்டு போகிற பஸ் சத்தம் காதில் விழாமல் இருக்கத்தான் என்றார்.

சில வருஷம் கழித்து, போன வருஷம், புவனாவையும் ஏற்றிக்கொண்டு அவரைப் பார்க்கப் போனேன். கேட்டருகிலேயே இஞ்சினை நிறுத்தி வண்டியைத் தள்ளிக்கொண்டு போனேன். மிஸ் ஜன்னல் வழியாக அதைப் பார்த்துச் சிரித்தார். அவருடைய பல்லை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். தலை நரைத்திருந்தது. அதே முக்காலி, மேசையில் ஒரே ஒரு குழாய், பக்கத்தில் ஒரு அலாரம் மணிக்கூடு. "இன்னும் நாப்பது நிமிஷம் இருக்கு. இருங்க" என்றார்.

புவனா வெகுநேரம் சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டுவிட்டாள். "மிஸ், அன்னிக்கு நான் சுகமா இருக்குன்னு சொன்னப்ப உங்க முகம் போன போக்கு எனக்கு மறக்கவே இல்ல. ஏன் மிஸ்?"

மிஸ் குழாயைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"எங்க அக்காவும் அதேதான் சொன்னா. பிள்ளை பெத்து இருவத்திரெண்டு நாள். ஒரு கால்தான் வீங்குச்சு. எனக்கு அப்ப பத்தொம்பது வயசு. நீவ ஆள் கெடைக்கல, நான்தான் நல்லெண்ணெய் சுட வச்சு நீவுனேன். சுகமா இருக்குடி, இன்னும் கொஞ்சம் மேல அழுத்துன்னா. அழுத்துனேன். எந்திரிச்சு உக்காந்தா. மூச்சு முட்டுதுன்னா. அம்புட்டுத்தான்."

எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. மணிக்கூட்டைப் பார்த்தேன்.

"நோவை வாய்க்குள்ள வச்சு முழுங்குறவ எங்க அக்கா" என்றார் மிஸ். "நான் பாடுபடுறேனேன்னு சும்மா சொன்னாளா, நெசமாவே சுகமா இருந்துச்சான்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. யாருகிட்ட போய்க் கேக்க?"

புவனா எழுந்து போய் அவருக்கு முன்னால் நின்றாள். "அந்தக் கால் எனக்கும் இருந்துச்சு மிஸ். பகலும் ராவும் குத்திக் கொடைஞ்சுச்சு. கை பட்ட அந்தக் கொஞ்ச நேரந்தான் நோவு தெரியல. அவங்க சும்மா சொல்லல. எனக்குத் தெரியும்."

மணி அடித்தது. மிஸ் எழவில்லை. அலாரம் அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் நான்தான், "மிஸ், நேரம் ஆச்சு" என்றேன். எழுந்து குழாயிடம் குனிந்தார். கண்ணைக் கசக்கினார். "கோடு தெரியலம்மா. நீ பாத்துச் சொல்லு" என்றார்.

புவனா குனிந்து பார்த்து, "பதினாலு" என்றாள்.

மிஸ் தலைப்பால் கண்ணை நன்றாகத் துடைத்துக்கொண்டு, தானும் ஒரு தரம் பார்த்தார். "பதினாலுதான்" என்று எழுதினார். பேனாவை மூடி வைத்தார். பிறகு எங்கள் பக்கம் திரும்பாமலே கேட்டார்.

"நெசமாவே சுகமா இருந்துச்சாம்மா?"

"நெசமா மிஸ்" என்றாள் புவனா.